பொய் மீசையும் கயிறு பிடித்த தங்கையும்

1

‘தில்லு முல்லு’ படத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத ஒரு சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. ரேயையும் கட்டக்கையும் பற்றிப் பேசுகிற இடத்தில் பாலசந்தரின் ஹாஸ்யப் படம் ஒன்றுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். நல்ல படங்களைப் பற்றி மட்டுமே எழுதுவது விமர்சனத்துக்குக் கௌரவமாக இருக்கலாம். அதன் முழு வேலை அது அல்ல. ஒரு சமூகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் சிரித்துக்கொண்டிருக்கிறது என்றால், அந்தச் சிரிப்பு எதன் மேல் விரிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதும் விமர்சகனின் காரியம்தான்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ‘தில்லு முல்லு’ ஆள்மாறாட்டத்தைப் பற்றிய படம் அல்ல. ஆள்மாறாட்டம் அதன் உத்தி மட்டுமே. தாய் தகப்பன் இல்லாத ஒரு அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு முதலாளியை ஏமாற்றிச் சம்பளம் வாங்கிப் பிழைக்கிற கதை அது. இதில் அண்ணனைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ரஜினிகாந்துக்கு ஹாஸ்யம் வரும் என்று நிரூபித்த படம் என்ற ஒரே வாக்கியத்தில் அந்தப் பேச்சு முடிந்தும் போகிறது. தங்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. டைரக்டரும் பேசவில்லை என்பதுதான் என் புகார்.

2

ஹிருஷிகேஷ் முகர்ஜி 1979இல் எடுத்த ‘கோல் மால்’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் இது. 1981 மே 1ஆம் தேதி, உழைப்பாளர் தினத்தன்று, வெளியானது. வசனம் விசு. இசை எம்.எஸ். விஸ்வநாதன். முதலாளி ஸ்ரீராமச்சந்திரமூர்த்தியாகத் தேங்காய் சீனிவாசன், அவர் மகள் சரோஜினியாக மாதவி, சந்திரனாக ரஜினிகாந்த், தங்கை உமாவாக விஜி.

கதை தெரியாதவர்கள் குறைவு. ஆனாலும் வாதத்துக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மீசை இருந்தால் ஒழுக்கம் இருக்கும் என்று நம்புகிற முதலாளியிடம் சந்திரன் வேலைக்குப் போகிறான். அவருக்கு எப்படிப்பட்டவனைப் பிடிக்குமோ அப்படிப்பட்டவனாகவே தன்னை ஆக்கிக்கொண்டு போகிறான். வேலை கிடைக்கிறது. பிறகு அம்மாவின் உடம்பைச் சாக்குச் சொல்லிக் கால்பந்தாட்டம் பார்க்கப் போன இடத்தில் முதலாளியின் கண்ணில் பட்டுவிடுகிறான். ஆட்டம் பார்த்தது நான் அல்ல, மீசை இல்லாத என் இரட்டைச் சகோதரன் இந்திரன் என்கிறான். அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவனுக்கு இளைப்பாற நேரமில்லை. மீசையை எடுத்துவிட்டுப் பொய் மீசை ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உயிரோடு இல்லாத அம்மாவை உயிரோடு கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கிறது. வசதியான வீட்டுச் சீமாட்டி ஒருத்தி, சௌகார் ஜானகி, அந்த அம்மாவாக நடிக்க வருகிறாள். நாகேஷ் நாகேஷாகவே, அதாவது தொழில்முறை நடிகராகவே வருகிறார். இந்திரன் முதலாளியின் மகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரப் போகிறான். அவள் இந்திரனைக் காதலிக்கிறாள். தகப்பனோ சந்திரனுக்குக் கட்டிக்கொடுக்க நினைக்கிறார்.

இந்திப் படத்தின் நேர்காணலில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் கூடுதலாகச் சிரிப்பு வரும் ஓர் இடம் உண்டு. கறுப்பு முத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று முதலாளி கேட்கிறார். அவர் கேட்பது பீலேயை. விளையாட்டில் நாட்டமுள்ள இளைஞனை அவருக்குப் பிடிக்காது என்பதால் கதாநாயகன் கறுப்பு முத்து என்றால் யார் என்று தெரியாதவன் போல விழிக்கிறான். பீலே 1977இல் கல்கத்தா வந்து மோகன் பகானுக்கு எதிராக ஆடிப் போயிருந்த சமயம் அது. தெரியாதவன் தேசத்திலேயே இருந்திருக்க மாட்டான். அந்த வேடத்தில் நடித்த அமோல் பாலேகர், சினிமாவுக்கு வருமுன் வங்கியில் எழுத்தராக இருந்தவர். தெரிந்ததைத் தெரியாததாகக் காட்டிக்கொள்ளும் அந்த முகத்தை அவர் எங்கே கற்றார் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. அதே தொழிலில் இருப்பவன் என்பதால் ஊகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

3

தழுவல் என்றாலே அசலைவிடக் கீழ் என்று நினைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்தப் படத்தில் தழுவியவர்கள் ஒரு காரியத்தை அசலைவிடக் கூர்மையாகச் செய்திருக்கிறார்கள். அது பெயர்கள்.

இந்தியில் சகோதரர்கள் ராம்பிரசாத், லக்ஷ்மண்பிரசாத். ராமனும் லக்ஷ்மணனும் என்றால் சகோதர பக்தி. பொய்யாகக் கற்பிக்கப்பட்ட சகோதரனுக்கும் இதிகாசத்தின் கௌரவம் கிடைத்துவிடுகிறது. தமிழில் சந்திரன், இந்திரன். ‘இந்திரன் சந்திரன்’ என்பது நம் பேச்சில் தனியாக ஒரு பொருள் உள்ள தொடர். ஒருவனை அளவுக்கு மீறிப் புகழ்ந்து காரியம் சாதிப்பதை, ‘நீ இந்திரன் சந்திரன் என்று தூக்கி வைத்துப் பேசினான்’ என்கிறோம். ஆக, தமிழில் இந்தச் சகோதரர்களின் பெயரே முகஸ்துதி. ராமன் எங்கே போனான்? அவன் முதலாளியின் பெயரில் போய் உட்கார்ந்துகொண்டான்: ஸ்ரீராமச்சந்திரமூர்த்தி. தர்மம் முதலாளியிடம், முகஸ்துதி தொழிலாளியிடம். இதை விசு யோசித்து வைத்தாரா, வாயில் வந்ததை வைத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. பாஷைக்குச் சில விஷயங்கள் ஆசிரியனுக்கு முன்னால் தெரிந்துவிடும்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. படத்தில் ‘உண்மையான’ சந்திரன் யார்? மீசையும் அடக்கமான உடையும் குனிந்த தலையுமாக அலுவலகத்துக்குப் போகிறவன் முழுக்க முழுக்கச் செய்யப்பட்டவன். ‘பொய்யான’ இந்திரன்தான் பாடுகிறான், துடுக்காகப் பேசுகிறான், காதலிக்கிறான்; வீட்டில் தங்கையோடு இருக்கும் இயல்பான மனிதனுக்கு அவனே நெருங்கியவன். பதிவேட்டில் இருப்பவன் பொய். பதிவேட்டில் இல்லாதவன் மெய். தன் நிஜ முகத்தோடு வெளியே போவதற்கு ஒருவன் தனக்கு ஒரு சகோதரனைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இதை எங்கள் ஊர் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர், ‘அப்படியென்றால் இந்திரன் வளர்ப்பு முத்து’ என்றார். 1973இல் இங்கே, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில், சிப்பிக்குள் ஒரு மணியை வைத்து அதன் மேல் முத்துப் படியச் செய்தார்கள். உள்ளே இருப்பது வைக்கப்பட்ட மணி. மேலே படிந்தது அசல் முத்துப்பூச்சு. பொய்யைச் சுற்றி உண்மை படிகிறது என்பது நண்பரின் வாதம். அழகான வாதம்தான். ஆனால் அதில் ஒன்று விட்டுப்போகிறது. சிப்பி தனக்குள் மணி வைக்கும்படி யாரையும் கேட்கவில்லை. சந்திரனும் ஆசைப்பட்டுப் பொய் சொல்லவில்லை. அவனுக்குள் பொய்யை வைத்தது யார் என்ற கேள்வியை உவமை அழகாக மறைத்துவிடுகிறது. படமும் அதையே செய்கிறது.

4

அந்தக் கேள்விக்குப் பதில் பாலசந்தருக்குத் தெரியாததல்ல. ‘தில்லு முல்லு’வுக்கு ஆறு மாதம் முன்னால், 1980 தீபாவளிக்கு, அவரே ‘வறுமையின் நிறம் சிவப்பு’ எடுத்திருந்தார். படித்துவிட்டு டில்லியில் வேலை தேடும் தமிழ் இளைஞன் ரங்கன். பாரதியைச் சொல்கிறவன், வளைந்து கொடுக்கத் தெரியாதவன், மனதில் பட்டதை எதிரே இருப்பவன் முகத்துக்கு நேரே சொல்கிறவன். அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. கடைசியில் முடிதிருத்தும் தொழிலை ஏற்றுக்கொள்கிறான். அவனைத் தேடி வந்த தகப்பன் அந்த நாற்காலியிலேயே வந்து உட்காருகிறார்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வற்புறுத்தல். ரங்கன் உண்மை சொல்கிறான், வேலை இல்லை. சந்திரன் பொய் சொல்கிறான், வேலை கிடைக்கிறது. ஒருவன் தாடியோடு அலைந்து கடைசியில் பிறருக்குச் சவரம் செய்கிறான். இன்னொருவன் தன் மீசையை எடுத்துவிட்டுப் பொய் மீசை ஒட்டிக்கொள்கிறான். உண்மையில் இவர்கள்தான் இரட்டைச் சகோதரர்கள். ரங்கனின் கதையை அழுதுகொண்டே பார்த்த அதே நடுத்தர வர்க்கம், ஆறு மாதம் கழித்து அதே கதையின் மறுபக்கத்தைச் சிரித்துக்கொண்டே பார்த்தது. முதல் படத்தில் டைரக்டர் குற்றவாளியைக் காட்டினார்: நேர்காணல் நடத்துகிற சமூகம். இரண்டாவது படத்தில் அந்தக் குற்றவாளிக்குத் தேங்காய் சீனிவாசனின் கண்களையும் குரலையும் கொடுத்து நமக்குப் பிரியமானவராக ஆக்கிவிட்டார்.

‘தில்லு முல்லு’வின் முடிவை நெருங்குகையில் கமல்ஹாசன் சில நிமிஷங்கள் ஒரு வக்கீலாக வந்து போகிறார். ரங்கனாக நடித்தவர் கமல்ஹாசன்தான். வேலை கிடைக்காமல் போன அண்ணன், வேலை கிடைத்த தம்பிக்காக வழக்காட வந்ததுபோல எனக்கு அது தோன்றுகிறது. பாலசந்தர் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. நட்சத்திர மதிப்புக்காகச் செய்த காரியமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இடம் வரும்போதெல்லாம் ரங்கனின் ஞாபகம் வராமல் என்னால் பார்க்க முடிவதில்லை.

5

இனி, சகோதரத்துவம். மோசடியைத் தொழிலாகக் கொண்ட சகோதரர்கள் உலக சினிமாவுக்குப் புதியவர்கள் அல்ல. 2008இல் ரியன் ஜான்சன் எடுத்த ‘தி பிரதர்ஸ் புளூம்’ படம் இதற்கு நல்ல ஒப்பீடு. அனாதைகளாக வீடு வீடாக மாறி வளர்ந்த இரண்டு சகோதரர்கள். அண்ணன் ஸ்டீபன் ஒவ்வொரு மோசடியையும் ஒரு நாவலாசிரியனைப்போல எழுதுகிறான். தம்பி அதில் பாத்திரமாகிறான். எழுதப்படாத ஒரு வாழ்க்கை தனக்கு வேண்டும் என்பதுதான் தம்பியின் துக்கம். இறுதியில் தம்பியின் சட்டையில் படிந்த அண்ணனின் ரத்தம் இதுவரை பயன்படுத்திய பொய் ரத்தமா, நிஜ ரத்தமா என்பதில் படம் போய் நிற்கிறது. நிஜ ரத்தம் காய்ந்து பழுப்பாகிறது. தம்பிக்கு அப்போதுதான் தெரிகிறது.

அந்தப் படத்தின் சகோதரர்கள் கதைக்காகப் பொய் சொல்கிறார்கள். பணம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். சந்திரனும் உமாவும் சம்பளத்துக்காகப் பொய் சொல்கிறார்கள். மேற்கில் மோசடிக்காரன் கலைஞன். நம்மிடம் அவன் குமாஸ்தா. இந்த வித்தியாசத்தை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. குமாஸ்தாவின் பொய்யில் ஆபத்து அதிகம். அவனுக்கு ஓடிப்போக வேறு ஊர் கிடையாது. மறுநாள் காலை பத்து மணிக்கு அதே முதலாளியின் முன்னால் அதே மீசையோடு நிற்க வேண்டும்.

இன்னொரு வித்தியாசம், அங்கே இருவரும் கூடவே இருக்கிறார்கள். இங்கே ஒருவன் அலுவலகத்தில், ஒருத்தி வீட்டில். அண்ணன் வெளியே என்ன சொல்லிவைத்தான் என்பது தங்கைக்கு முழுக்கத் தெரியாது. ஆனால் முதலாளி வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும்போது அந்தப் பொய் வீட்டுக்குள்ளும் உண்மையாக இருந்தாக வேண்டும். முன்வாசலில் முதலாளி, பின்பக்கமாக வந்து சேருகிற அம்மா, இரண்டுக்கும் நடுவே அந்தச் சின்ன வீட்டில் ஒரு பெண். படத்தில் எல்லோரும் சிரிப்பது சௌகார் ஜானகியைப் பார்த்து. நான் சமீப காலமாக விஜியைப் பார்க்கிறேன்.

முத்துக்குளிப்பைப் பற்றி எங்கள் கடற்கரையில் பெரியவர்கள் சொல்வது ஒன்று உண்டு. குளிப்பவன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான். படகில் நிற்பவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவனுக்கு மேலே நடப்பது தெரியாது. மேலே இருப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. கயிற்றின் அசைவு ஒன்றுதான் பேச்சு. மூச்சு முட்டுகிற கணத்தில் கீழே இருப்பவன் கயிற்றை இழுப்பான். மேலே இருப்பவன் தூக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் ஆள் இல்லை. அதனால் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள், குளிப்பவனுடைய மனைவியின் கூடப்பிறந்தவனை. தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும் என்பதால்.

1961க்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சொல் மட்டும் இருக்கிறது. கயிறு பிடிப்பவனுக்குக் கூலி உண்டு. ஆனால் அவன் அங்கே நிற்பது கூலிக்காக மட்டும் அல்ல என்று நம்பித்தான் இன்னொருவன் நீரில் இறங்கினான். கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து சொல்கிற பொய்யும் இப்படித்தான் நடக்கிறது என்று எனக்குப் படுகிறது. கீழே போனவன் கயிற்றை அசைக்கிறான். மேலே இருப்பவள் காரணம் கேட்காமல் இழுக்கிறாள்.

6

இதைப் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. சொந்த விஷயத்தை விமர்சனத்தில் கொண்டுவருவது எனக்குப் பிடிக்காது. இங்கே வேறு வழியில்லை.

வங்கியில் சில வருஷங்கள் ஓய்வூதிய மேஜையில் இருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, நவம்பரில், தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். லைஃப் சர்டிபிகேட் என்பார்கள். ஒரு நவம்பரில் ஒரு அம்மாளுடையது வரவில்லை. மாத இறுதியில் அண்ணனும் தங்கையுமாக இருவர் வந்தார்கள். இருபத்தைந்து, முப்பது வயதுக்குள் இருக்கும். அம்மா வரமுடியவில்லை, இன்னும் ஒரு மாதம் தவணை வேண்டும் என்றார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

‘காலு பெசகிட்டு சார்’ என்றான் அண்ணன். ‘காய்ச்சல் சார்’ என்றாள் தங்கை. இரண்டும் ஒரே சமயத்தில்.

அடுத்தது நடக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தங்கையின் விரல் மட்டும் மேஜை விளிம்பில் லேசாக நகர்ந்தது. ‘காய்ச்சல்ல கெடந்தவ எந்திரிச்சு நடக்கயில காலு பெசகிட்டு சார்’ என்றாள். ‘ஆமா சார், ராத்திரி’ என்றான் அண்ணன். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பார்த்த எந்த நடிகரும் அவ்வளவு சுத்தமாக ஒரு தையல் போட்டதில்லை. சிரித்துக்கொண்டே, வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கைநாட்டு வாங்கிக்கொள்ளலாமே, அதற்கு வழி இருக்கிறது என்று சொன்னேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். தங்கை அழ ஆரம்பித்தாள்.

அம்மா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஏ.டி.எம். அட்டை இவர்களிடம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கடன், அடக்கச் செலவு, வட்டி. மூன்று மாதம் எடுத்தால் கடன் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான்காவது மாதம் பழக்கமாகிவிட்டது என்று அண்ணன் நேர்மையாகவே சொன்னான். கூடுதலாகப் போன தொகையைத் திரும்பப் பெறுவது விதி. விதிப்படி எழுதினேன். தவணையில் கட்டினார்கள். முதல் இரண்டு தவணைக்கு அண்ணன் வந்தான்; பிறகு ஒவ்வொரு மாதமும் தங்கை மட்டும் வந்தாள். கணக்கு அம்மாவின் பெயரில் இருந்ததால் செலுத்துச்சீட்டிலும் அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும். அந்த இடத்தில் மட்டும் அவள் கையெழுத்து நிதானமாக இருக்கும். கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழில் என்பதால் கவனித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் ‘தில்லு முல்லு’ ஓடியது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். உயிரோடு இல்லாத அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முதலாளிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. படம் மோசமாகிவிட்டது என்பதல்ல காரணம். படம் மிகவும் சரியாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் தவறு. அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். சாட்சியாக ஒரு அம்மாவைக் கேட்டவன் நான்தான்.

7

அன்றிலிருந்து இந்தப் படத்தின் குறை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. முதலாளிக்கு எதிரே நின்று பார்க்கிறவரைக்கும் அது விடுதலை தருகிற படம். தன் ரசனையை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டு, அந்த ரசனையைச் சம்பளத்துக்கு ஈடாகப் பிறர் முகத்தில் வளர்க்கச் சொல்கிற மனிதரை ஒரு வேலையற்றவன் ஆட்டிவைக்கிறான் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மக்கள் சிரிப்பது அந்த நியாயத்துக்காக. அது பாமர ரசனை என்று ஒதுக்குகிற நண்பர்கள் தங்கள் நேர்காணல்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு மீசையை ஒட்டிக்கொண்டுதான் உள்ளே போனோம்.

ஆனால் படம் அந்த நியாயத்தை முடிவுவரை கொண்டுபோகவில்லை. குட்டு வெளிப்படுகிறது; ரகளை நடக்கிறது; பிறகு மன்னிப்பு, கல்யாணம். பொய் சொன்னவன் மன்னிக்கப்படுகிறான். பொய்யைக் கோரியவர் மாமனாராகிறார். முதலாளியின் ரசனைதான் பொய்யை உண்டாக்கியது என்று ‘வறுமையின் நிறம் சிவப்’பில் தெரிந்திருந்த ஒருவர், இங்கே அதைக் குடும்பத்துக்குள் நடந்த சின்னத் தப்பாக முடித்துவைக்கிறார். பொய் மீசை கழற்றப்படுகிறது. மீசை வேண்டும் என்று கேட்ட அதிகாரம் அப்படியே இருக்கிறது.

தங்கைக்கு நேர்வது இதைவிட மோசம். 1974இல் ‘அவள் ஒரு தொடர்கதை’யில் சம்பாதித்து வீட்டைத் தாங்குகிற ஒரு சகோதரியை, அவளுடைய கோபத்தோடும் கசப்போடும் காட்டியவர் இதே பாலசந்தர். ஒரு குடும்பத்தில் பொய்யும் பணமும் பெண்ணின் மேல் எப்படி இறங்கும் என்பதை அவரைவிடத் தெரிந்த டைரக்டர் அன்று தமிழில் இல்லை. விசுவுக்கும் தெரியும், 1986இல் ‘சம்சாரம் அது மின்சாரம்’ எடுத்தவர் அவர். இவ்வளவு தெரிந்த இருவர் சேர்ந்து செய்த படத்தில் உமாவுக்கு என்று ஒரு பொய்கூட இல்லை. எல்லாப் பொய்யும் அண்ணனுடையது. அவள் அவற்றைப் பராமரிக்கிறாள். பயந்தாளா? அவளுக்கு இது பிடித்திருந்ததா? ஒரு தடவையாவது, போதும் அண்ணா, வேறு வேலை பார்க்கலாம் என்று சொல்ல நினைத்தாளா? உயிரோடு இல்லாத அம்மாவின் இடத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தபோது அவளுக்குள் என்ன ஆயிற்று? ஹாஸ்யப் படத்தில் இதற்கெல்லாம் இடமில்லை என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு பார்வை போதும். காமிரா அவள் முகத்தில் மூன்று வினாடி நின்றிருந்தால் போதும். சிரிப்பு நின்றிருக்காது, ஆழப்பட்டிருக்கும்.

பின்னால் வந்தவர்களும் இதைக் கவனிக்கவில்லை. 2012இல் இந்தியில் ரோஹித் ஷெட்டி இதே விதையிலிருந்து ‘போல் பச்சன்’ எடுத்தார். அதில் வேலை தேடி ஒரு கிராமத்துக்குப் போகிற அண்ணனும் தங்கையும் முஸ்லிம்கள். ஒரு குழந்தையைக் காப்பாற்றக் கோயில் பூட்டை உடைத்துவிட்ட அப்பாஸ், கலவரம் வந்துவிடும் என்பதற்காக வேறு பெயரில் அழைக்கப்படுகிறான். மீசைக்குப் பதில் பெயரே பொய்யாகிறது. அந்தப் பொய் பிடிபட்டால் தங்கைக்கு என்ன நேரும் என்பது நம் காலத்தில் யாரும் விளக்க வேண்டாத விஷயம். அவ்வளவு பெரிய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படம் கார்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறது. 2013இல் தமிழிலேயே அதே பெயரில் ‘தில்லு முல்லு’ மறுபடி எடுக்கப்பட்டது. சிரிப்பைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் காரணம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

இப்படிச் சொல்வதால் ‘தில்லு முல்லு’ ஒரு போலிப் படம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது போலியாக இருந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது. வேலை என்பது எதைக் கேட்கிறது, வீடு அதற்கு எதைக் கொடுக்கிறது என்பதை நேருக்கு நேர் தொட்டுவிட்டுத் திரும்பிய படம் அது. ‘வறுமையின் நிறம் சிவப்பு’ அந்த உண்மைக்குப் பக்கத்தில் போய் நின்று சத்தம் போட்டது. ‘தில்லு முல்லு’ சத்தம் போடாமல் உள்ளேயே போய்விட்டது. போனதை அது அறியவில்லை. ஒரே டைரக்டரின் இந்த இரண்டு படங்களையும் சேர்த்து ஒரு படமாக யாராவது எடுத்திருந்தால் அது நம் காலத்தின் படமாக இருந்திருக்கும். அதன் மையத்தில் ரங்கனோ சந்திரனோ இருக்கமாட்டார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும், அண்ணன் இன்று வெளியே என்ன சொல்லிவைத்திருக்கிறானோ என்று ஒரு கணம் நின்று யோசித்துவிட்டுக் கதவைத் திறக்கப் போகிற பெண் இருந்திருப்பாள்.